குழந்தைப் பொருள் ரீகால்: கம்பெனிக்குள் நடப்பதும், உங்கள் வீட்டுக்கு வராமல் போவதும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் செங்காங்கில் இருக்கும் ஓர் அம்மா, நான்கு மாதக் குழந்தைக்காகப் பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் 40 வெள்ளிக்குச் சாய்வுத் தொட்டில் ஒன்று வாங்கியிருக்கிறார். அதே மாடலை வெளிநாட்டில் ரீகால் செய்துவிட்டார்கள், அதாவது ஆபத்தானது என்று கம்பெனியே திரும்பப் பெறுகிறது என்று அவருடைய அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் விஷயமே தெரிந்திருக்கிறது. இப்படி ஒரு முடிவைக் கம்பெனி எப்படி எடுக்கிறது, தனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை, இனி என்ன செய்வது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

மூன்றாவதற்கு முதலில் பதில். இன்று இரவிலிருந்தே குழந்தையை அதில் படுக்க வைக்காதீர்கள். தட்டையான, கெட்டியான மெத்தை போதும். தலையணை, பொம்மை, தொட்டில் ஓரத்தில் கட்டும் மெத்துப் பட்டையான பம்பர் எதுவும் வேண்டாம். குழந்தை மல்லாந்து தூங்கட்டும். ஆனால் தொட்டிலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிள் தேவைப்படும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எந்த ரீகாலும் வாடிக்கையாளர் சேவை மேசையில், சலிப்பூட்டும் ஒரு வரியில்தான் பிறக்கிறது. "பக்கக் கம்பி சரியாகப் பூட்டவில்லை, புதுக் கொக்கி ஒன்று அனுப்ப முடியுமா?" பதில் எழுதுபவர் கொக்கியை அனுப்பிவிட்டு, புகாரை 'உதிரிபாகம்' என்ற கணக்கில் போட்டு மூடிவிட்டால் விஷயம் அங்கேயே புதைந்துவிடும். ஒழுங்காக நடக்கும் கம்பெனியில் ஒவ்வொரு புகாருக்கும் இரண்டு குறியீடு உண்டு: எந்தப் பாகம், என்ன ஆபத்து. விரல் நசுங்கல், விழுதல், மூச்சடைப்பு, கழுத்து இறுகுதல், தொண்டையில் சிக்குதல், தீப்புண், நச்சுப் பொருள் என்று ஆபத்துகள் பிரிக்கப்பட்டிருக்கும். மூச்சு, கழுத்து, தொண்டை இந்த மூன்றில் ஒன்று வந்தால், காயம் பட்டதோ இல்லையோ, அந்தப் புகார் அன்றே பாதுகாப்புப் பொறியாளரின் மேசைக்குப் போகவேண்டும்.

புகாரைவிட நேர்மையான சாட்சி உதிரிபாக ஆர்டர். பெற்றோர் பலருக்கும் புகார் எழுத நேரம் இருக்காது. பாகம் உடைந்தால் புதியது கேட்பார்கள், அவ்வளவுதான். ஒரு தள்ளுவண்டியின் இடது கீலை மட்டும் வலதைவிடப் பல மடங்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தால், அங்கே ஏதோ இருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்ப்பது விற்பனைப் பிரிவு, பாதுகாப்பைப் பார்ப்பது வேறு பிரிவு. இரண்டும் பேசிக்கொள்ளாத இடங்களில்தான் ரீகால்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் தாமதமாகின்றன.

அடுத்து, உடைந்த துண்டு கைக்கு வரவேண்டும். படம் போதாது. அதனால்தான் சில கம்பெனிகள் அஞ்சல் கட்டணம் கட்டிய பையை அனுப்பி, பழைய பாகத்தைக் கேட்கின்றன. கேட்டால் கொடுங்கள். முறிந்த முகப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

தொட்டில் கொக்கிகளும் தள்ளுவண்டிக் கீல்களும் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலானில் வார்க்கப்படுகின்றன. நைலான் ஈரத்தை உறிஞ்சும். வார்ப்பதற்கு முன் நைலான் குருணையை ஏறத்தாழ 0.2 விழுக்காட்டுக்கும் கீழே ஈரம் குறையும்வரை உலர்த்தவேண்டும். அவசரத்தில் உலர்த்தும் நேரத்தைக் குறைத்தால், உருக்கும் சூட்டில் அந்த ஈரமே நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். பாகம் பார்க்க நன்றாக இருக்கும், பாரம் விழுந்தால் பிஸ்கட்போல் முறியும். இது ஒரு காரணம். வார்ப்பில் மிஞ்சிய துண்டுகளை அரைத்து அளவுக்கு மேல் கலந்திருப்பது இன்னொன்று. மூன்றாவது வேறு வகை: அச்சுக்குள் இரண்டு பக்கமாக ஓடிவரும் உருகிய பிளாஸ்டிக் சந்திக்கும் கோடு, சரியாகப் பாரம் விழும் இடத்தில் அமைந்திருக்கும்.

முதல் இரண்டும் சில நாட்கள், சில வாரங்களின் தவறு. மூன்றாவது, அந்த அச்சில் வந்த எல்லாப் பாகங்களுக்கும் உள்ள தவறு. ரீகால் 3,000 துண்டா, 3 லட்சம் துண்டா என்பதை இதுதான் தீர்மானிக்கும். கம்பெனிக்குள் மிகச் சூடான வாக்குவாதம் நடப்பதும் இந்த இடத்தில்தான். 'அந்த வாரம் மட்டும்' என்று நிரூபிக்க எல்லோருக்கும் ஆசை இருக்கும்.

சாய்வுத் தொட்டில்களின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே எதுவும் உடையவில்லை. ஃபிஷர் பிரைஸ் நிறுவனத்தின் 'ராக் அண்ட் ப்ளே' என்ற சாய்வுத் தொட்டில் 2009 முதல் விற்பனையில் இருந்தது. ஏறத்தாழ 30 பாகைச் சாய்வு. கைக்குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் கனமானது, கழுத்துத் தசைக்கு வலு இல்லை. அந்தச் சாய்வில் தாடை மார்பில் விழுந்தால் மூச்சுக்குழாய் மடங்கும். இல்லையென்றால் குழந்தை புரண்டு மூக்கு மெத்துத் துணியில் அழுந்தும். ஒவ்வொரு துண்டும் வரைபடத்தில் இருந்தபடியே செய்யப்பட்டது. வரைபடமே தவறு. அதனால் 2019 ஏப்ரலில் ரீகால் வந்தபோது தொகுதி எண் (ஒன்றாகச் செய்த துண்டுகளுக்குப் பொதுவான எண்), தேதி என்று எந்தப் பிரிவும் இல்லை. அமெரிக்காவில் விற்ற ஏறத்தாழ 4.7 மில்லியன் தொட்டில்களும் மொத்தமாக. அதற்குள் 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தன. உங்கள் தொட்டில் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், சாய்வு 10 பாகைக்கு மேல் இருந்தால் தூங்குவதற்கு ஆகாது. அமெரிக்கா 2022இல் சட்டமாகவே ஆக்கிவிட்ட அளவு அது. போனில் கோணம் காட்டும் செயலியை மெத்தைமேல் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு தொகுதியில் மட்டும் நேரும் தவறுக்கு வருகிறேன். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உங்கள் தள்ளுவண்டியைக் கவிழ்த்து, பெரிய பிளாஸ்டிக் பாகங்களின் உட்புறத்தைப் பாருங்கள். சட்டைப் பித்தான் அளவில் ஒரு வட்டம் பதிந்திருக்கும். விளிம்பில் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்பு, அம்பின் இரண்டு பக்கமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். அம்பு 7ஐக் காட்டி, நடுவில் 2, 3 என்றிருந்தால் அந்தப் பாகம் 2023 ஜூலையில் வார்த்தது. பக்கத்தில் தனியாக ஒரு சிறு எண் இருந்தால் அது அச்சுக் குழியின் எண். ஒரே அச்சில் நான்கு குழி இருந்து, மூன்றாம் குழியில் மட்டும் கோளாறு என்றால், முறிந்து வரும் துண்டுகளிலெல்லாம் 3 என்றே இருக்கும். ஆய்வாளர் முதலில் தேடுவது இதைத்தான்.

ஆனால் பாகம் வார்த்த தேதி வேறு, பாகங்களைச் சேர்த்து வண்டியைப் பூட்டிய தேதி வேறு. ஜூலைப் பாகம் செப்டம்பர் வண்டியில் போயிருக்கலாம். தொழிற்சாலையில் பழைய பெட்டியை முதலில் எடுக்கவேண்டும் என்பது விதி. அடுக்கின் மேலே இருக்கும் புதிய பெட்டியை எடுப்பது கைப்பழக்கம். அதனால் கோளாறான பெட்டி ஒன்று நவம்பர்வரை மூலையில் கிடந்திருக்கும். இதைத் தெரிந்தவர்கள் ரீகால் எல்லையை இரு பக்கமும் தாராளமாக நீட்டுவார்கள். செலவுக்குப் பயந்து ஒட்ட வெட்டினால், ஆறு மாதம் கழித்து 'விரிவாக்கப்பட்ட ரீகால்' என்று இரண்டாவது அறிவிப்பு வரும். முதல் அறிவிப்பில் தன் எண் இல்லை என்று பார்த்து நிம்மதியான பெற்றோர் இரண்டாவதைப் படிக்கமாட்டார்கள்.

முடிவு எடுத்த அன்றே நடக்கவேண்டியது விற்பனை நிறுத்தம். கிடங்கில் இருப்பதைத் தனியாக அடுக்கி 'விற்பனைக்கு அல்ல' என்று சிவப்பு அட்டை ஒட்டுவது, கடைக் கவுண்டரில் பார்கோடைப் பூட்டுவது, இணையக் கடைகளிலிருந்து இறக்குவது, கடலில் வந்துகொண்டிருக்கும் கொள்கலனை நிறுத்துவது. பார்கோடு பூட்டினால் கவுண்டரில் வருடும்போதே பணம் வாங்க மறுக்கும். ஓட்டை எங்கே என்றால், எக்ஸ்போவில் நடக்கும் பேபி ஃபேர் போன்ற விற்பனைகளில் 'தொட்டில், மெத்தை, கொசுவலை சேர்த்து' என்று ஒரே பொதியாகக் கட்டி வேறு பார்கோடு ஒட்டியிருப்பார்கள். அந்தப் பார்கோடு பட்டியலில் விடுபட்டுப் போகும். காட்சிக்கு வைத்த துண்டு, வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்து மறுபடி அலமாரிக்குப் போன துண்டு, ஊழியர் தள்ளுபடி விற்பனைக்கு ஒதுக்கிய துண்டு இவையும் அப்படித்தான். அதனால் செய்தது எத்தனை, அனுப்பியது எத்தனை, விற்றது எத்தனை, கையில் இருப்பது எத்தனை என்று கணக்கு ஒத்துப்போகும்வரை விற்பனை நிறுத்தம் முடிந்ததாகச் சொல்லக்கூடாது.

அரசாங்கத்துக்கு எப்போது சொல்லவேண்டும்? அமெரிக்காவில் ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக எண்ண இடம் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அங்குள்ள பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும். உறுதியாகத் தெரியாவிட்டால் விசாரிக்க 10 வேலை நாள். தெரிவித்த 20 வேலை நாளுக்குள் விற்பனையை நிறுத்தி ரீகாலைத் தொடங்கினால், பொருளில் குறை இருந்தது என்று ஆணையம் முறைப்படி முடிவு கட்டாது. 'விரைவுப் பாதை' என்று அதற்குப் பெயர். வேகமாக வருவதற்குக் கொடுக்கும் சலுகை அது, பயனும் இருக்கிறது. கார் இருக்கைகளுக்கு அங்கே வேறு அமைப்பு. 2014இல் கிராக்கோ நிறுவனம் கார் இருக்கைகளின் வார்ப்பூட்டுக்காக (குழந்தையைக் கட்டும் வாரின் பூட்டு) பல மில்லியன் இருக்கைகளை ரீகால் செய்தது. பால், பிஸ்கட் துகள் உள்ளே போய் இறுகி, அவசரத்தில் பொத்தானை அழுத்தினால் திறக்காது. கோளாறைத் தாமதமாகச் சொன்னதற்காக மறுவருடம் 10 மில்லியன் டாலர் தண்டம்.

சிங்கப்பூரில் தொட்டில், தள்ளுவண்டி, பொம்மை, மெத்தை எல்லாம் 2011 ஏப்ரல் 1இல் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு விதிமுறைகளின்கீழ் வருகின்றன. பலர் தவறாக நினைத்துக்கொள்ளும் விஷயம் இங்கே ஒன்று உண்டு. அடாப்டர் போன்ற 33 வகை மின், எரிவாயுப் பொருட்களுக்குத்தான் விற்பதற்கு முன்பே பதிவும் பாதுகாப்புச் சின்னமும் கட்டாயம். தொட்டிலுக்கு அப்படி முன் அனுமதி கிடையாது. அனைத்துலக, ஐரோப்பிய அல்லது அமெரிக்கத் தரநிலைக்கு ஏற்றதாக இருக்கவேண்டியது விற்பவரின் பொறுப்பு. ஆபத்தானது என்று தெரியவந்தால் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகம் விற்பனையை நிறுத்தச் சொல்லும். மீறினால் 10,000 வெள்ளிவரை அபராதம், 2 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே தொட்டிலில் சின்னம் இல்லை என்று பதறவும் வேண்டாம், கடையில் விற்கிறார்கள் என்பதற்காக யாரோ சோதித்திருப்பார்கள் என்று நம்பவும் வேண்டாம்.

நம் ஊரின் உண்மையான சிக்கல் இறக்குமதியில் இருக்கிறது. உற்பத்தியாளர் வெளிநாட்டில் இருப்பார். இங்கே இருப்பவர் அதிகாரபூர்வ விநியோகஸ்தர். தலைமையகத்திலிருந்து வரும் தொகுதி எண் பட்டியலைத் தன் கணக்கோடு ஒப்பிட்டு, இங்கே வந்தவை எவை என்று பார்ப்பது அவர் வேலை. சில நேரம் 'ஆசியச் சந்தைக்குப் போன துண்டுகளில் வேறு பாகம், பாதிப்பு இல்லை' என்று பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதே பொருள் இணை இறக்குமதியாக வேறு வழியில் வந்து பாதி விலைக்கு விற்றிருக்கும். வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து நேராக வீட்டு வாசலுக்கும் வந்திருக்கும். அவை எதுவும் விநியோகஸ்தர் கணக்கில் இல்லை. கேட்டால், 'எங்கள் மூலம் வாங்கவில்லையே' என்பார். வணிகமாகப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. குழந்தையின் பக்கம் பார்த்தால் இல்லை. அப்போது நேராக உற்பத்தியாளரின் தலைமையகத்துக்கு எழுதுவதே வழி.

ஒரு நாட்டில் ரீகால், இன்னொரு நாட்டில் இல்லை என்பதும் புதிதல்ல. 2009 நவம்பரில் மக்ளாரன் தள்ளுவண்டிகள் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு மில்லியன் ரீகால் ஆயின. வண்டியை விரிக்கும்போது குழந்தை கையை வைத்தால் பக்கக் கீல் கத்தரிக்கோல்போல் விரல் நுனியைத் துண்டித்தது. அங்கே 12 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. தீர்வு, கீலை மூடும் ஒரு துணி உறை. அதே வண்டி விற்ற பிரிட்டனில் முதலில் ரீகால் அறிவிக்கவில்லை. பெற்றோர் கொதித்தெழுந்த பிறகு அங்கும் உறை கிடைத்தது. குழந்தையின் விரல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

பரிகாரம் என்ன கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே ரீகாலின் கனம் ஓரளவு தெரியும். முழுப்பணம் திரும்பத் தருகிறார்கள் என்றால் பொருளைக் காப்பாற்ற வழியில்லை என்று பொருள். பழுதுபார்க்கும் 'கிட்' என்றால், அதை யார் பூட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். நள்ளிரவில், அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, திருப்புளி தேடும் அப்பாதான் பூட்டப்போகிறார். பக்கக் கம்பி கீழே இறங்கும் தொட்டில்களில் இதைத்தான் கண்டார்கள். பிளாஸ்டிக் கொக்கி உடைந்தோ, கழற்றி மாட்டும்போது தலைகீழாகப் பூட்டப்பட்டோ கம்பி ஒரு பக்கம் கழன்று, மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விழுந்து குழந்தை சிக்கியது. கிட்டுகள் அனுப்பி அனுப்பிப் பார்த்து, கடைசியில் அமெரிக்கா 2011 ஜூனில் அந்த வகைத் தொட்டிலின் விற்பனையையே தடை செய்தது. கரோசலில் இன்னும் அப்படி ஒன்று கண்ணில் பட்டால், எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

பாதிப் பணம், பற்றுச்சீட்டு என்ற வகையும் உண்டு. ராக் அண்ட் ப்ளேயில் கடைசி ஆறு மாதத்துக்குள் வாங்கியவர்களுக்கு மட்டும் முழுப்பணம், மற்றவர்களுக்கு அதே நிறுவனப் பொருள் வாங்கப் பற்றுச்சீட்டு. 2024 அக்டோபரில் அதே நிறுவனத்தின் ஸ்னூகா குழந்தை ஊஞ்சல்களுக்கு, தலைப்பகுதி மெத்தையையும் உடல் தாங்கியையும் கழற்றி வெட்டிப் படம் அனுப்பினால் 25 டாலர். ஊஞ்சல் வீட்டிலேயே இருக்கும். 25 டாலருக்காக யார் மெனக்கெடுவார்கள் என்பது கம்பெனிக்கும் தெரியும். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 13 முதல் நடப்பில் உள்ள விதி இந்த விஷயத்தில் மேல். பழுது, மாற்றுப் பொருள், பணம் மூன்றில் குறைந்தது இரண்டையாவது கொடுத்து, தேர்வைப் பெற்றோரிடம் விடவேண்டும். அறிவிப்பில் 'தன்விருப்பமாக', 'முன்னெச்சரிக்கையாக', 'அரிதாக' போன்ற சொற்களைப் போடவும் கூடாது. படிப்பவர் மனத்தில் ஆபத்தைச் சிறிதாக்கிக் காட்டும் சொற்கள் அவை. இங்கே வரும் அறிவிப்புகளில் அவற்றைக் கண்டால் மனத்துக்குள் கோடிட்டு அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, உங்களுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை. கிடங்கிலும் கடையிலும் இருப்பதைத் திரும்ப எடுப்பது கம்பெனிக்கு எளிது. வீட்டுக்குள் போன பொருளுக்கு அவர்களிடம் முகவரி இல்லை. அமெரிக்க ஆணையம் 2017இல் வெளியிட்ட கணக்கில், மொத்த ரீகால் பொருட்களில் ஏறத்தாழ 65 விழுக்காடு சரிசெய்யப்பட்டிருந்தது. அது கடையும் கிடங்கும் சேர்ந்த எண். பயனீட்டாளர் கையில் இருந்ததில் மட்டும் பார்த்தால் 6 விழுக்காடு. ராக் அண்ட் ப்ளேயை 2023 ஜனவரியில் மறுபடி அறிவிக்கவேண்டி வந்ததும் இதனால்தான். முதல் அறிவிப்புக்குப் பிறகும் குறைந்தது 8 குழந்தைகள் அதில் இறந்திருந்தன.

வீட்டுக்குள் போன பொருளைத் தேட இருக்கும் ஒரே நல்ல கருவி பெட்டிக்குள் வரும் பதிவு அட்டை. 2007இல் ஈயச் சாயம் பூசிய பொம்மைகளால் பெரும் ரீகால்கள் நடந்த பிறகு, அமெரிக்கா 2008இல் கொண்டுவந்த சட்டம் தொட்டில், தள்ளுவண்டி போன்றவற்றுக்கு அந்த அட்டையையும், கழற்ற முடியாத அடையாள லேபிளையும் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் அந்த அட்டையை விளம்பரத் தாள் என்று நினைத்து அட்டைப்பெட்டியோடு சேர்த்துக் கீழே இறக்கிவிடுகிறோம். நிரப்பிய சிலருடைய அட்டையும் முதல் உரிமையாளரின் பெயரில் இருக்கிறது. ரீகால் மின்னஞ்சல் உங்கள் தொட்டிலை விற்றவருக்குப் போயிருக்கும். அவர் வீட்டில் தொட்டில் இல்லை, மின்னஞ்சலை அழித்துவிட்டிருப்பார்.

இப்போது உங்கள் தொட்டிலுக்கு என்ன செய்வது. கவிழ்த்துப் பார்த்தால் குழாய்ச் சட்டத்திலோ துணியின் உள்தையலிலோ வெள்ளை லேபிள் இருக்கும். மாடல் எண், தொகுதி அல்லது வரிசை எண், செய்த தேதி, செய்த நாடு இந்த நான்கும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். மாடல் பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் மூன்று தலைமுறைப் பொருள் இருக்கும், எண்தான் கணக்கு. பிறகு உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் ரீகால் பக்கம், பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகத்தின் அறிவிப்புகள், பல நாட்டு ரீகால்களை ஒன்றாகத் தேடித்தரும் ஓஇசிடி (பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு) நடத்தும் உலக ரீகால் தளம் மூன்றிலும் அந்த எண்ணைத் தேடுங்கள்.

கிடைத்தால் உற்பத்தியாளருக்கு எழுதுங்கள். மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: மாடல் எண், தொகுதி எண், பயன்படுத்தும் நாடு, அந்த ரீகாலின் தேதி. இரண்டாம் கையாக வாங்கியது என்பதை மறைக்கத் தேவையில்லை. பல ரீகால்களில் ரசீது கேட்பதில்லை, லேபிளே போதும். பரிகாரம் பொருளைச் சேர்ந்தது. 'உங்கள் நாட்டுக்குப் பொருந்தாது' என்று பதில் வந்தால், பாகம் வேறா, விற்பனைக் கணக்கில் மட்டும் வேறா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பொறியாளரிடம் போகாமல் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. புதிதாகக் கடையில் வாங்கிய பொருளாக இருந்து கடை கைவிரித்தால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமும், 20,000 வெள்ளிவரையிலான வழக்குகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கின்றன.

கார் இருக்கைக்கு வேறு வழிமுறை. 'உடனே நிறுத்துங்கள்' என்கிறதா, 'மாற்றுப் பாகம் வரும்வரை தொடருங்கள்' என்கிறதா என்று அறிவிப்பை வரி வரியாகப் படிக்கவேண்டும். வார்ப்பூட்டு இறுகும் கோளாறு உள்ள இருக்கைகூட, இருக்கையே இல்லாமல் மடியில் வைத்துப் போவதைவிடப் பாதுகாப்பானது. அதோடு 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்குக் குழந்தை இருக்கை இங்கே சட்டப்படி தேவை. டாக்சிக்கு விலக்கு உண்டு, தனியார் வாடகைக் காருக்கு இல்லை. பால்மாவு சிங்கப்பூர் உணவு அமைப்பின் பொறுப்பு. அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. டின்னின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அறிவிப்போடு ஒத்துப்போனால் உடனே நிறுத்தவேண்டும். டின்னை மூடி தனியாக வைத்துவிட்டு, குழந்தைக்கு வாந்தியோ காய்ச்சலோ இருந்தால் டின்னோடு டாக்டரிடம் போங்கள்.

ஸ்பிரிங் தொட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாரோங் கட்டி ஆட்டும் அந்தத் தொட்டில் நம் வீடுகளில் பாதியில் இருக்கிறது. ஆனால் பல ஸ்பிரிங்குகளில் தயாரிப்பாளர் பெயரோ தொகுதி எண்ணோ கிடையாது, அதனால் ரீகால் செய்ய நினைத்தாலும் முடியாது. அங்கே ஆய்வாளர் நீங்கள்தான். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று வளைந்து கொக்கியாகும் இடத்தில்தான் கம்பி களைத்து முறியும். வாரம் ஒருமுறை குழந்தையை இறக்கிவிட்டு அந்த வளைவைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துரு, மெல்லிய கீறல், கொக்கியின் வாய் விரிந்திருப்பது எது தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங்குக்குள் ஓடும் பாதுகாப்புக் கயிறு இல்லாததை வாங்கவே வேண்டாம். ஆட்டும் மோட்டார் இருந்தால் அதன் அடாப்டரில் பாதுகாப்புச் சின்னம் இருக்கவேண்டும்.

சாய்வுத் தொட்டிலுக்குப் பரிகாரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதை மறுபடி யாருக்கும் கொடுக்காதீர்கள், புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்துவிட்டும் போகாதீர்கள். அடுத்த நாள் காலையில் அது இன்னொரு வீட்டில் இருக்கும். கம்பெனி கேட்கும் படங்களை எடுத்து, அவர்கள் பதில் வந்த பிறகு, துணியை நடுவில் குறுக்காக வெட்டுங்கள். வார்களைப் பூட்டுக்கு அருகில் நறுக்குங்கள். சட்டத்தில் அழியாத மையால் 'ஆபத்து, பயன்படுத்தாதீர்' என்று நான்கு மொழியில் இல்லாவிட்டாலும் ஆங்கிலத்திலாவது பெரிதாக எழுதுங்கள். மின்கலம் இருந்தால் கழற்றி மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். பிறகு நகர மன்றத்தின் பெரும்பொருள் அகற்றும் சேவையைக் கூப்பிட்டால் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். விற்றவருக்கும் கரோசல் உரையாடலில் அந்த ரீகால் இணைப்பை அனுப்பிவையுங்கள்; அவரிடம் அதே கம்பெனியின் வேறு பொருள் இருக்கக்கூடும்.